இரண்டு பாட்டு ஓடலாம், பேஸ் ஒன்றுதான்: டிஜே மிக்ஸிங்கில் ஈக்யூ

பாட்டு மாறியதே ஆடுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அதற்கு, பாட்டின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைவிட, ஒலியின் உச்ச, நடு, தாழ் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூதான் கைகொடுக்கும். இரண்டு பாட்டின் வேகத்தையும் பீட்டையும் சேர்க்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கருவிக்கு டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற சின்ன கண்ட்ரோலரே தாராளம். ஒரு பாட்டுக்கு ஒரு சேனல்; ஒவ்வொரு சேனலிலும் ஹை, மிட், லோ (அதாவது பேஸ்) என மூன்று குமிழ்கள் இருக்கும்.

முதலில் அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டு, மூன்று குமிழ்களும் நடுவில் இருக்கும்போதே கெயினை, அதாவது சேனலுக்குள் வரும் ஒலியின் அளவை, சரிசெய்யுங்கள். சத்தம் குறைவாக இருக்கிறதென்று ஈக்யூவை ஏற்றாதீர்கள். அது கெயினின் வேலை.

அப்புறம், புதுப் பாட்டின் லோவை முழுக்க இறக்கி, மிட்டையும் கொஞ்சம் இறக்கிவிட்டு ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். ஹை-ஹாட் சிம்பலும் கைத்தட்டலும் மட்டும் உள்ளே வரட்டும்.

இனிதான் முக்கியமான இடம்: பேஸை மாற்றுவது. கிக் ட்ரம்மின் கனம் ஏறத்தாழ 50 முதல் 100 ஹெர்ட்ஸில் இருக்கிறது. இரண்டு கிக் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அளவு 6 டெசிபல் வரை ஏறும்; மொத்த ஒலியைக் காட்டும் மாஸ்டரில் சிவப்பு விளக்கு எரியும், ஸ்பீக்கர் கரகரக்கும். லேசாக விலகி விழுந்தால் ஒன்றை ஒன்று அழித்து, அடியே சப்பென்று ஆகிவிடும். அதனால் எந்த நேரத்திலும் ஒரு பாட்டுக்கு மட்டுமே பேஸ். பழைய பாட்டில் 32 பீட் எண்ணி, அடுத்த சுற்றின் முதல் பீட்டில் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் திருப்புங்கள்: பழைய லோ கீழே, புது லோ நடுவுக்கு. இதை மெதுவாகச் செய்தால் இடையில் சில நொடிகள் இரண்டு பேஸும் கலந்து குழம்பும். சினிமாப் பாட்டில் இடையிசை எப்போதும் 32 பீட்டுக்குள் அடங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பீட் விழும் இடத்தில் முன்பே ஹாட் கியூ (ஒரு பட்டனை அழுத்தினால் அந்த இடத்துக்குத் தாவும் குறி) போட்டு வையுங்கள்.

மிட்டில்தான் குரல் இருக்கிறது. ஒரு பாடகர் பல்லவி பாடும்போது இன்னொருவர் குரல் வரவே கூடாது. பழைய பாட்டின் இடையிசையில் புதுப் பாட்டின் தொடக்கத்தை நுழைத்து, குரல் வருவதற்குள் மிட்டை மாற்றிவிடுங்கள். பழைய ஃபேடர் மூடியதும் அதன் குமிழ்களை நடுவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்தச் சேனலில் அடுத்து வரும் பாட்டு பேஸே இல்லாமல் தொடங்கும்.

ஏற்றுவதைவிட இறக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. டிஜேஎம்-900 நெக்ஸஸ்2 மிக்சரின் ஈக்யூ மேலே 6 டெசிபல்தான் போகும், கீழே 26 வரை இறங்கும். இறக்கத்தான் இடம் அதிகம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒன்று, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வாசிக்கும்போது கான்கிரீட் சுவரும் தாழ்ந்த கூரையும் பேஸை முழங்க வைக்கும். அங்கே சேனல் குமிழைத் தொடாமல், ஸ்பீக்கரிலேயே லோவைக் குறைத்துவிடுங்கள். அடுத்தது, 6/8 தாளத்தில் போகும் குத்துப் பாட்டை 4/4 பாட்டோடு சேர்ப்பது. இதற்கு ஈக்யூ உதவாது. பழைய பாட்டை எக்கோவில் கரையவிட்டு, குத்தை முதல் அடியிலேயே முழு பேஸோடு இறக்குங்கள்.