மனைவிக்கு ஒயின் வாங்கப் போகிறீர்களா? சொதியிலிருந்து தொடங்குங்கள்

எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு ஒரு ஒயின் பாட்டில் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். என் மனைவி பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் தோழிகளோடு எப்போதாவது ஒரு கிளாஸ் குடித்தவள். எனக்கோ ஒன்றும் தெரியாது. என்னைப் போல முதல்முறை வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மனைவி குடிப்பவர்தானா, மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: அன்றைய சமையல் என்ன?

கடைக்குப் போகும் முன் அடுப்படியை நினையுங்கள். எங்கள் வீட்டில் கல்யாண நாள் என்றால் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்புதான். மறுவீட்டுப் பந்தியில் பரிமாறிய அதே சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். தேங்காய்ப்பாலின் மென்மையும் பச்சை மிளகாயின் காரமும் சேர்ந்த சாப்பாடு அது.

சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு இருக்கும். காரத்தோடு சேர்ந்தால் அது நாக்கில் இன்னும் முரடாகத் தெரியும், காரமும் ஏறும். லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின் காரத்தைத் தணிக்கும். அதனால் சொதிக்கு என் தேர்வு செனின் பிளாங்க்; கொய்யா, அன்னாசி போன்ற பழவாசனை உள்ளது. எலுமிச்சைப் புளிப்புப் பிடித்தவர் என்றால் சோவிங்யான் பிளாங்க். மீன் பொரித்தால் இது இன்னும் நன்றாக இருக்கும். மிளகு தூக்கலான ஆட்டுக்கறி வறுவல் என்றால் துவர்ப்பு குறைந்த சிவப்பு போதும்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

‘டிரை’ என்றால் இனிப்பு கிட்டத்தட்ட இல்லை என்று பொருள். நுரைக்கும் ஒயினில் ‘புரூட்’ இனிப்பு குறைந்தது, ‘டெமி செக்’ இனிப்பானது. ‘போர்ட்’ என்று விலை மலிவாகக் கிடைக்கும் இந்திய பாட்டில்கள் பெரும்பாலும் வெறும் இனிப்புச் சரக்கு, பரிசுக்கு வேண்டாம்.

அடுத்தது ஆண்டு, அதாவது திராட்சை அறுவடையான வருடம். கல்யாணம் நடந்த ஆண்டு போட்ட பாட்டிலைத் தேடி அலையாதீர்கள். நான் அலைந்தேன். நம் நாட்டு வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு வருடத்துக்குள் குடிக்க வேண்டியவை. நாசிக்கில் திராட்சை அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும். ஆகப் புதிய ஆண்டு எதுவோ அதை எடுங்கள்.

படி 3: கடை

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. எலைட் கடைகளில்தான் ஒயின் ஓரளவு கிடைக்கும். நாசிக், பெங்களூர் அருகே நந்தி மலை, இந்த இரண்டு பக்கத்துச் சரக்கையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தக்கை திறப்பான் இல்லையென்றால் திருகு மூடி பாட்டிலே வாங்குங்கள். அதைத் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

படி 4: வெயில்

நம் ஊரில் ஒயினுக்கு முதல் எதிரி வெயில். நான் முதலில் வாங்கிய சிவப்பு ஒயினை மே மாதம் காரில் வைத்துவிட்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தக்கை மேலே தள்ளியிருந்தது; வாயில் வைத்தால் காய்ச்சிய ஜாம் மாதிரி இருந்தது. பணம் போனதை விட, ஆசையாகக் கொடுத்தது கெட்டுப்போனதுதான் வலித்தது. அதனால் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக ஒயின் கடைக்குப் போங்கள், நேரே வீட்டுக்கு வாருங்கள்.

வெள்ளை ஒயினைக் குடிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜில் வையுங்கள். சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறை, 18 டிகிரிக்குள். நம் வீட்டு அறைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

படி 5: கொடுப்பது

பளபளப்புத் தாள் வேண்டாம். நான் ஒரு பனை ஓலைக் கொட்டானில் பாட்டிலை வைத்து, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று நாலு வரி எழுதிச் செருகினேன்: ‘மறுவீட்டுச் சொதிக்காக.’ பாட்டிலை விட அந்தச் சீட்டைத்தான் அவள் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் போதும். மேலே வாசனை நிற்க இடம் வேண்டும். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, “அத்தான், கொய்யாப்பழ வாசம்லா அடிக்கு!” என்றாள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.