ஆக்ஸலோட்டலுக்குப் புது உணவு பழக்குவது எப்படி?

ஆக்ஸலோட்டல் என்பது நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகைப் பிராணி. ரத்தப்புழுவே (சிவப்பு நிறக் கொசுவகைப் பூச்சியின் புழு) தின்று வளர்ந்த ஆக்ஸலோட்டலுக்கு மண்புழு கொடுத்தால் வாங்கிய வேகத்தில் துப்பிவிடும். கோலாலம்பூரில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது புழுவை அல்ல, சூட்டை. வீட்டில் சும்மா வைத்த தொட்டியில் தண்ணீர் 28 டிகிரியைத் தொடும். ஆக்ஸலோட்டலுக்குத் தேவையோ 16 முதல் 18. 22-ஐத் தாண்டினாலே பசி மந்தமாகும். மின்விசிறி வைத்தால் நம் ஊர் ஈரக்காற்றில் பெரிதாகக் குறையாது. ச்சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்க வசதிப்படும்வரை இதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

படி 1: தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைச் சரிசெய்த பிறகே மற்றது.

படி 2: வளர்ந்ததை இரண்டு நாள் பட்டினி போடுங்கள், ஒன்றும் ஆகாது. குட்டிக்கு இது கூடாது, தினமும் தீனி வேண்டும்.

படி 3: பண்ணையில் வளர்த்த மண்புழு வாங்குங்கள். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தோண்டி எடுக்காதீர்கள். டெங்கிக்குப் புகை அடித்த மண்ணாக இருக்கலாம். சிவப்பு உரப்புழு கசப்பு நீர் விடும், அதனாலேயே பலவும் துப்புகின்றன. குளோரின் நீக்கிய தண்ணீரில் அலசி, சிறு துண்டாக வெட்டுங்கள். துண்டின் தடிமன் ஆக்ஸலோட்டலின் இரு கண்களின் இடைவெளியைத் தாண்டக் கூடாது. அதன் பல் பிடிக்கத்தான் உதவும், மெல்ல உதவாது.

படி 4: இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஊட்டுங்கள். கண்பார்வை மங்கல், வாசனையையும் நீரசைவையும் வைத்தே இரை தேடும். ஆகவே துண்டை, உறைந்த ரத்தப்புழு உருகிய நீரில் முக்கி, பிளாஸ்டிக் இடுக்கியால் வாயோரம் மெல்ல ஆட்டுங்கள். செவுள் மேல் படக் கூடாது. உறிஞ்சியதும் இடுக்கியின் பிடியைத் தளர்த்தித் துண்டை விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்தால் மிரண்டுபோகும். இரண்டு தடவை துப்பினால் அன்றைக்குப் போதும். உடனே மனமிரங்கி ரத்தப்புழு போட்டால் பசி அடங்கிவிடும், மறுநாள் முயற்சியும் வீண்.

பெல்லட் (உருண்டைத் தீனி) கொடுப்பதென்றால் மூழ்கும் வகை வாங்குங்கள். சில நிமிடம் ஊறவைத்து, அதையும் இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டுங்கள். அசையாமல் தரையில் கிடப்பதைச் சில கண்டுகொள்ளாது. மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தொட்டியில் கூழாங்கல் இருந்தால் முதலில் அகற்றுங்கள். இரையோடு விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஒரு வாரமாகப் பழைய உணவையும் தொடாமல், செவுள் முன்பக்கம் வளைந்தோ வால் நுனி சுருண்டோ இருந்தால் பழக்குவதை நிறுத்திவிட்டு, இவ்வகைப் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.