டெக்சஸில் வாத்து வேட்டை: முதல் பெட்டி தோட்டா வாங்கப் போகிறவர்களுக்கு

ஹூஸ்டன் பக்கம் வேட்டைச் சாமான் விற்கிற பெரிய கடைகளில் தோட்டாவுக்கென்றே ஒரு சுவர் நீளத்துக்கு அலமாரி இருக்கும். பெட்டிக்குப் பெட்டி பறக்கிற வாத்துப் படம், ஓரத்தில் ஏதேதோ எண்கள். முதல் தடவை போகிறவர் விலையைப் பார்த்து ஒன்றை எடுப்பார், இல்லாவிட்டால் கடைக்காரர் கைகாட்டியதை எடுப்பார். அப்படி எடுத்தது உங்கள் துப்பாக்கிக்கு ஆகாததாக இருக்கலாம், வாத்துக்குச் சட்டம் அனுமதிக்காததாகவும் இருக்கலாம். அந்த ஓர எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் இரண்டு சிக்கலும் இல்லை.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் காட்டு வாத்தைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டத்துக்கும் டெக்சஸ் கடற்கரைச் சதுப்புக்கும் மட்டும் பொருந்தும்.

கடைக்குப் போகும் முன்

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் வேட்டை லைசென்ஸ் வேண்டும். அதோடு வலசைப் பறவைகளுக்கான 7 டாலர் எண்டார்ஸ்மென்ட் (லைசென்ஸோடு சேர்க்கும் கூடுதல் அனுமதி), லைசென்ஸ் வாங்கும்போதே கேட்கப்படும் ஹெச்.ஐ.பி. (வேட்டைக் கணக்கெடுப்பு) கேள்விகளுக்குப் பதில், 16 வயது நிரம்பியவர்களுக்கு 25 டாலர் பெடரல் டக் ஸ்டாம்ப் (மத்திய அரசின் வாத்து வேட்டை அனுமதி முத்திரை). 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் படிப்பையும் முடித்திருக்க வேண்டும்.

நம்மவர்கள் நிறைய பேர் கவனிக்காமல் விடுவது விசா விஷயம். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருப்பதையே பெடரல் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அதனால் முதலில் லைசென்ஸ், பிறகுதான் தோட்டா. டெக்சஸின் வழக்கமான லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். போன சீசனில் மிச்சமான பெட்டி அலமாரியில் கிடக்க, லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

படி 1: பெட்டியைத் தொடாதீர்கள், குழலைப் படியுங்கள்

துப்பாக்கிக் குழலின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் இரண்டு தகவல் பொறித்திருப்பார்கள்: கேஜ் (குழலின் உள்விட்ட அளவு; எண் குறையக் குறைய குழல் பெரிது), சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) நீளம். '12 கேஜ், 2¾ மற்றும் 3 அங்குலம்' என்பது போல. அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 10 கேஜைவிடப் பெரிய துப்பாக்கி வாத்துக்கு அனுமதி இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு 12 கேஜ் அல்லது 20 கேஜ்தான். தோட்டா எங்கும் கிடைக்கும்.

சேம்பர் நீளத்தில்தான் பலரும் ஏமாறுவார்கள். பெட்டியில் '3 அங்குலம்' என்று போட்டிருப்பது சுட்டு முடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடிந்திருப்பதால் அது அதைவிடக் குட்டையாக இருக்கும். அதனால் 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல சேம்பருக்குள் எந்த முரண்டும் பண்ணாமல் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். 'உள்ளே போனது, அப்போ சரிதான்' என்று இந்த விஷயத்தில் முடிவுகட்டக் கூடாது. நீளத் துப்பாக்கியில் குட்டைத் தோட்டா போடலாம். குட்டைத் துப்பாக்கியில் நீளத் தோட்டா கூடவே கூடாது.

வீட்டில் 12 கேஜும் 20 கேஜும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய்க் கொஞ்ச தூரத்தில் சிக்கி நிற்கும். சேம்பர் காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதைத் தடுக்கத்தான் 20 கேஜ் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிற உறை என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

படி 2: உள்ளே இருப்பது என்ன உலோகம்

ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் சிறு சிறு உலோகக் குண்டுகள் நிறைந்திருக்கும். 1991-ஆம் ஆண்டு சீசனிலிருந்து அமெரிக்கா முழுவதும் வாத்து, கூஸ், நாமக்கோழி ஆகியவற்றை ஈயக் குண்டால் சுடத் தடை. காரணம் வாத்தின் வயிற்றில் இருக்கிறது. பல் இல்லாத பறவை தீனியை அரைக்க மணலையும் சிறு கல்லையும் விழுங்கி அரைப்பையில் வைத்துக்கொள்ளும். சதுப்பின் அடியில் கிடக்கும் ஈயக் குண்டும் அதன் கண்ணுக்குக் கல்தான். அரைபட அரைபட ஈயம் இரத்தத்தில் கலந்து, பறவை மெலிந்து, சிறகு தொங்கிச் சாகும். அதைத் தின்னும் கழுகுக்கும் அதே கதி. ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற இல்லினாய் ஆய்வாளர் 1959-லேயே வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் 2 முதல் 3 சதவீதம் ஆண்டுதோறும் இப்படிச் சாவதாகக் கணக்கிட்டார். தடைக்குப் பிறகு நடந்த ஆய்வு ஒன்று, 1997 இலையுதிர்கால வலசையில் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் பிழைத்ததாக மதிப்பிட்டது. வேட்டைக்காரர்கள் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்ட சட்டம் இது. அதில் அதிகம் லாபம் பார்த்ததும் அவர்கள்தான்.

அனுமதிக்கப்பட்ட உலோகங்களில் கடையில் நீங்கள் பார்க்கப்போவது மூன்று.

ஸ்டீல்: மலிவு, எங்கும் கிடைக்கும். தொடங்குபவருக்கு இதுவே போதும். ஆனால் கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம்தான் எடை. ஈயத்துக்கு 11-க்கு மேல். எடை குறைந்த குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும்.

பிஸ்மத்: 9.6 கிராம் அளவில் நடுவில் நிற்கும். மென்மையானது என்பதால் பழைய துப்பாக்கிக்கும் ஆகும். விலை ஸ்டீலைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

டங்ஸ்டன் கலவைகள்: சில வகை 18 கிராம் வரை போகும். அசாத்தியமாக ஊடுருவும், பர்ஸையும் சேர்த்து. முதல் சீசனுக்குத் தேவையில்லை.

பெட்டியில் 'ஸ்டீல்', 'பிஸ்மத்', 'நான்-டாக்ஸிக்' (நச்சற்றது) என்று ஏதாவது ஒன்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 'காப்பர் பிளேட்டட்' என்று மட்டும் இருந்தால் அது செம்பு முலாம் பூசிய ஈயமாக இருக்கலாம். அந்த முலாம் சட்டத்துக்கு முன் செல்லாது. 'கேம் லோட்', 'டவ் லோட்' என்று புறா, முயல் படம் போட்ட மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் ஈயம். பெட்டி தொலைந்து தோட்டா மட்டும் கையில் இருந்தால் உறையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். அழிந்திருந்தால் உறையின் முன்பாதியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஸ்டீல் ஒட்டும். அடிப்பக்கத்தில் வைத்தால் பயனில்லை, அந்த மூடியே பல தோட்டாக்களில் இரும்புதான். பிஸ்மத் காந்தத்துக்கு ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. எனவே ஒட்டாத தோட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று நண்பரிடமிருந்து கைமாறி வந்திருந்தால் ஸ்டீல் போடும் முன் நின்று யோசியுங்கள். ஸ்டீல் நசுங்காது, மெல்லிய பழைய குழலையும், இறுக்கமான சோக்கையும் (குண்டுகள் பரவும் அளவைக் கட்டுப்படுத்தக் குழலின் வாயில் இருக்கும் குறுகல்) அது பதம்பார்த்துவிடும். பெல்ஜியத்தில் செய்த பழைய ஆட்டோ-5 துப்பாக்கியில் ஸ்டீல் வேண்டாம் என்று பிரவுனிங் நிறுவனமே சொல்கிறது. அப்படிப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டுங்கள், பிஸ்மத் வாங்குங்கள்.

படி 3: குண்டின் அளவு

எண் ஏற ஏற குண்டு சிறுக்கும். 17-இலிருந்து பெட்டியில் உள்ள எண்ணைக் கழித்தால் குண்டின் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 2-ஆம் எண் குண்டு 0.15 அங்குலம், 4-ஆம் எண் 0.13. எண்களுக்கு மேல் எழுத்துகள்: பிபி 0.18, டி 0.20. 

ஈயத்தில் சுட்டுப் பழகிய பெரியவர்கள் 'நாலாம் நம்பர் போடுப்பா' என்றால் ஸ்டீலில் இரண்டு எண் பெரிதாக, அதாவது 2 எடுங்கள். பெரிய குண்டாக எடுத்தால் எண்ணிக்கை குறையும். ஒரு அவுன்ஸில் 2-ஆம் எண் ஸ்டீல் சுமார் 125, 4-ஆம் எண் சுமார் 192. ஊடுருவலா, அடர்த்தியா என்ற பேரம்தான் இது.

செப்டம்பர் டீல் சீசனில் வருவது நீலச்சிறகு டீல். நம்மூர்க் கிளுவை அளவுள்ள சின்ன வாத்து, கூட்டமாகத் தாழப் பறந்து வரும். அதற்கு 4 அல்லது 6. நவம்பரில் தொடங்கும் பெரிய சீசனில் கருவால் வாத்து, ஊசிவால் வாத்து, செந்தலை வாத்து எல்லாம் கலந்து வரும்போது 2 அல்லது 3. கூஸ் என்றால் பிபி. ஒரே ஒரு பெட்டிதான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவருக்கு என் பதில்: 12 கேஜ், 3 அங்குலம், 1¼ அவுன்ஸ் குண்டு, 3-ஆம் எண் ஸ்டீல். 3 கிடைக்காவிட்டால் 2.

வேகம் வினாடிக்கு 1,400 அடியை ஒட்டி இருந்தால் போதும். 1,600, 1,700 என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டிகள் தோளைத்தான் முதலில் அடிக்கும். அந்த வலிக்குப் பயந்து சுடும் கணத்தில் கண்ணை மூடப் பழகிவிட்டால், பிறகு எந்தத் தோட்டாவும் உதவாது. 3½ அங்குலத் தோட்டாவுக்கும் இதையே சொல்வேன்.

படி 4: காகிதத்தில் சுட்டுப் பாருங்கள்

பலரும் தவிர்க்கிற படி, எனக்கு மிகவும் பிடித்த படி. ஒரே பெட்டித் தோட்டா இரண்டு துப்பாக்கியில் இரண்டு விதமாகப் பரவும். அதைப் பெட்டியில் எழுத முடியாது.

ஷாட்கன் பேட்டர்னிங் (குண்டு பரவுவதைக் காகிதத்தில் சோதிப்பது) அனுமதிக்கும் சுடுபயிற்சி ரேஞ்சுக்குப் போங்கள். நான்கடிக்கு நான்கடி காகிதத்தின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. 35 அல்லது 40 கெஜ தூரத்திலிருந்து அதைக் குறிவைத்து ஒரு சுடு. பிறகு துளைகள் அதிகம் குவிந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு உள்ளே உள்ள துளைகளை எண்ணுங்கள். மல்லார்ட் (பெரிய வாத்து வகை) அளவுள்ள வாத்துக்கு 85-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. டீலுக்கு இன்னும் நெருக்கமாக, 135 பக்கம் வேண்டும். புதுக் காகிதத்தில் இன்னும் இரண்டு தடவை சுட்டுச் சராசரி பாருங்கள்.

எண்ணிக்கையோடு விட்டுவிடாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று காகிதத்தைப் பாருங்கள். ஒரு வாத்தின் உடல் அளவுக்கு வெற்றிடம் எங்காவது தெரிகிறதா? புள்ளிக்கு நேராக விழுந்ததா, ஒரு பக்கம் ஒதுங்கியதா? நடுவில் பொத்தல் விழுகிற அளவு குவிந்து, ஓரத்தில் ஆளையே காணோம் என்றால் சோக் இறுக்கம். ஸ்டீல் நசுங்காமல் நேராகப் போவதால், ஈயத்துக்கு ஃபுல் சோக் தரும் குவிப்பை ஸ்டீலுக்கு மாடிஃபைடு சோக்கே தந்துவிடும். தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக்கில் தொடங்கி மாடிஃபைடு வரை முயன்று பாருங்கள். ஃபுல் சோக் ட்யூப் சிலவற்றில் 'ஸ்டீல் கூடாது' என்று பொறித்திருக்கும், அதையும் படியுங்கள்.

வட்டத்துக்குள் போதுமான குண்டு விழும் தூரம்தான் உங்கள் எல்லை. அது 35 கெஜம் என்றால், மிதக்கவிடும் பொம்மை வாத்துகளில் கடைசியை மறைவிடத்திலிருந்து 35 கெஜத்தில் போடுங்கள். அதற்கு அப்பால் போகிற வாத்தைப் போகவிடுங்கள். காயம்பட்டுப் புல்லுக்குள் போய் விழும் பறவை யாருக்கும் ஆகாது.

படி 5: பாக்கெட்டைத் தலைகீழாகக் கவிழுங்கள்

டெக்சஸில் அபராதச் சீட்டு வாங்க மிகச் சுலபமான வழி இது. மாநிலத்தின் பெரும்பகுதியில் செப்டம்பர் 1-ஆம் தேதி புறா சீசன் தொடங்கும். தனியார் நிலத்தில் புறாவுக்கு ஈயம் தடையில்லை. அதே மாதத்திலேயே டீல் சீசன். அதே வெஸ்ட், அதே பை. அடிப் பாக்கெட்டில் புறாத் தோட்டா ஒன்று உருண்டு கிடக்கும். பெடரல் விதி, சுட்டதை மட்டும் பார்ப்பதில்லை. வாத்து வேட்டையில் இருக்கும்போது ஈயத் தோட்டா உங்களிடம் இருந்தாலே மீறல். துப்பாக்கியில் முழுக்க ஸ்டீல் இருந்ததே என்று கேம் வார்டனிடம் (வேட்டைச் சட்ட அதிகாரி) வாதாடிப் பயனில்லை.

எளிய வழி, புறாவுக்கும் ஸ்டீல் வாங்கிவிடுவது. இல்லையென்றால் கிளம்பும் முன் ராத்திரி வெஸ்ட், பை, காரின் கப் ஹோல்டர் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டிப் பிரியுங்கள். கூட வருபவருக்குத் தோட்டா தீர்ந்து உங்களிடம் கடன் கேட்டால் கொடுக்கலாம்; அவரிடம் நீங்கள் வாங்கினால் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி பிளக் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

திரும்பி வந்த பிறகு

கடற்கரைச் சதுப்பின் தண்ணீர் உப்புத்தண்ணீர். நனைந்த தோட்டாவைப் பெட்டியில் போட்டு மூடினால் அடிமூடி துருப்பிடிக்கும், உள்ளே ஈரம் போனால் ஸ்டீல் குண்டுகளே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மிச்சத்தைத் துடைத்து, ஒரு துணிமேல் பரப்பிக் காயவைத்து, மூன்று நான்கு வாரத்துக்குள் சுட்டுத் தீர்த்துவிடுங்கள். உறை ஊதியோ துருவேறியோ இருப்பதைச் சுட வேண்டாம். சுட்ட காலி உறைகளைத் தண்ணீரில் விடாமல் பொறுக்கி வந்துவிடுங்கள்.

அப்புறம் சமையல். ஸ்டீல் குண்டு பல்லை உடைக்கும். கறி நறுக்கும்போது சிறகு முடி உள்ளே இழுக்கப்பட்ட துளை எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து, விரலால் தடவி எடுங்கள். சிலர் வலுவான காந்தம் ஒன்றைக் கறிமேல் ஓட்டுவார்கள். ஸ்டீலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். பிஸ்மத் என்றால் விரல்தான்.