ஹெச்.264 பிட் ரீடர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெச்.264 வீடியோ டிகோடர் எழுதப் பழகுகிறவர்களின் பிட் ரீடரை, அதாவது பைட்டுகளிலிருந்து கேட்ட அளவு பிட்டை எடுத்துத் தரும் பகுதியைத் திறந்தால் அதே பழைய ஓட்டைகள்தான் வரிசையாக நிற்கும். பைட்டுக்குள் எந்தப் பிட்டை முதலில் படிப்பது என்பதில் தப்பினால் முதல் ஃப்ரேமிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டாம். சோதனைக் கோப்பில் ஒழுங்காக ஓடிவிட்டு, வெளியே போனபின் கழுத்தை அறுக்கும் தவறுகள் வேறு.

03 பைட்டைக் கழிக்கும் குளறுபடி

ஹெச்.264 தரவு என்ஏஎல் யூனிட் என்ற பொட்டலங்களாக வரும். ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் 00 00 01 என்ற மூன்று பைட் காட்டும். தரவுக்குள்ளேயே அந்த வரிசை வந்து தொலைத்தால்? அதனால்தான், இரண்டு பூஜ்ய பைட்டுக்கு அடுத்து 00, 01, 02, 03 ஆகியவற்றில் ஒன்று வரும்போதெல்லாம் என்கோடர் இடையில் ஒரு 03-ஐச் செருகுகிறது. படிக்கும்போது அதைக் கழித்த பிறகே பிட்டை எண்ண வேண்டும். விதி இவ்வளவுதான். இதில் எத்தனை விதமாகத் தப்பலாமோ அத்தனை விதமாகவும் தப்புகிறார்கள்.

கழிக்காமலே விடுவது முதல் விதம். ஸ்லைஸ் தரவு (படத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிய தரவு) ஏறக்குறைய தாறுமாறான பைட்டுகள் என்று வைத்துக்கொண்டால், செருகிய 03 சராசரியாக 4 மெகாபைட்டுக்கு ஒருமுறைதான் வரும். சின்ன சோதனைக் கிளிப்பில் அது கண்ணிலேயே படாமல் போகலாம். ஆனால் அகலம், உயரம், நேரம் போன்ற பொது விவரங்களைச் சொல்லும் எஸ்பிஎஸ் என்ற தலைப்பில் நிச்சயம் கடிக்கும். எக்ஸ்264 என்கோடர் உருவாக்கிய 1280×720, 25 ஃப்ரேம் வீடியோவின் எஸ்பிஎஸ்-இல் வழக்கமாகக் காணும் ஒரு துண்டு இது:

10 00 00 03 00 10 00 00 03 03 20

முதல் பைட்டின் மேல் நான்கு பிட்டோடு, நேரத் தகவல் உண்டு என்ற கொடி முடிகிறது. கீழ் நான்கு பிட்டிலிருந்து 32 பிட் 'நம் யூனிட்ஸ் இன் டிக்' (num_units_in_tick, ஒரு டிக்குக்கு எத்தனை நேர அலகு), அதற்கடுத்த 32 பிட் 'டைம் ஸ்கேல்' (time_scale, நொடிக்கு எத்தனை நேர அலகு). செருகிய இரண்டு 03-ஐயும் கழித்துப் படித்தால் 1, 50 என்று வரும். ஒரு ஃப்ரேமுக்கு இரண்டு டிக் என்பதால் 50-ஐ இரண்டால் வகுத்தால் 25 ஃப்ரேம். கழிக்காமல் படித்தால் 48, 1,67,77,216. அதாவது நொடிக்கு 1,74,762 ஃப்ரேம்! அகலமும் உயரமும் இதற்கு முன்பே வந்துவிடுவதால் அவை சரியாக இருக்கும், படமும் தெரியும். உடனே 'இந்தக் கோப்பில் நேரத் தகவல் கெட்டிருக்கிறது' என்று முடிவுகட்டி, கோடில் 25 என்று நேரடியாக எழுதிவைத்துவிடுகிறார்கள். கோப்பில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது விதம், கழித்த பிறகு, அடுத்தடுத்து வரும் பூஜ்ய பைட்டுகளைக் கணக்கிடும் பூஜ்ய எண்ணியை மீண்டும் 0-க்குக் கொண்டுவராதது. மேலே உள்ள 00 00 03 03 20-ஐப் பாருங்கள். முதல் 03 செருகியது, இரண்டாவது 03 உண்மையான தரவு. எண்ணி 2-லேயே நின்றால் இரண்டும் காலி. இதே எஸ்பிஎஸ்-இல் அடுத்த பைட் 1111 என்று தொடங்குவதால் டைம் ஸ்கேல் 527 ஆகி, 263.5 ஃப்ரேம் என்று வரும். எழுதி முடித்த பஃபரின் கடைசி இரண்டு பைட்டைத் திரும்பிப் பார்த்து முடிவெடுக்கும் கோடும் இதே பள்ளத்தில்தான் விழும்.

நான்கு நான்கு பைட்டாகக் கேஷ் நிரப்பும்போது கழிப்பவர்கள் எண்ணியை அடுத்த நிரப்பலுக்குக் கடத்த மறக்கிறார்கள். 00 00 ஒரு பக்கமும் 03 மறுபக்கமும் விழுந்தால் தீர்ந்தது. எம்பி4 கோப்பில் தொடக்கக் குறி கிடையாது, நீளம்தான் இருக்கும். 'குறியே இல்லையே, 03 எதற்கு இருக்கப்போகிறது' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேயும் இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட அதிக நாளைத் தின்பது ஹெச்.264-க்கு அடுத்த தலைமுறையான ஹெச்இவிசி-இல் நடப்பது. அங்கே எஸ்பிஎஸ்-இன் தொடக்கத்திலேயே 60 00 00 03 00 90 00 00 03 00 00 03 00 என்பதுபோல் மூன்று 03 வந்துவிடும். அகலம், உயரத்துக்கு முன்பே இவை நிற்பதால் கழிக்காதவர் அன்றே மாட்டிக்கொள்வார். ஆனால் ஒழுங்காகக் கழித்தவருக்கும் அடுத்த பொறி காத்திருக்கிறது. ஸ்லைஸ் தலைப்பில் உள்ள என்ட்ரி பாயின்ட் ஆஃப்செட்டுகள் (ஸ்லைஸுக்குள் தனித்தனியாகப் படிக்கக்கூடிய துண்டுகளின் நீளங்கள்), செருகிய 03-களையும் சேர்த்து எண்ணப்பட்டவை. கழித்த பஃபரில் அவற்றை அப்படியே பயன்படுத்தினால், ஒரு 03 போன இடத்துக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு பைட் தள்ளித் தொடங்கும். ஒரே திரெட்டில் வரிசையாகப் படிக்கும் டிகோடருக்கு இந்த ஆஃப்செட் தேவைப்படாது. படம் சுத்தமாக வரும். திரெட்டைக் கூட்டினால், எப்போதாவது ஒரு வரிசை சிதறும். அதைப் பார்த்ததும் எல்லாரும் ரேஸ் கண்டிஷன் என்று முடிவுசெய்து, மியூடெக்ஸ் மேல் மியூடெக்ஸாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். ஹெச்இவிசி என்கோடரான எக்ஸ்265, வரிசைகளைப் பல திரெட்டில் படிக்க வழிசெய்யும் டபிள்யூபிபி-ஐ இயல்பாகவே இயக்கி வைப்பதால் இது அபூர்வமான கோப்பும் அல்ல. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூல வீடியோ நூலகம் செய்வதுதான் வழி: கழித்த ஒவ்வொரு 03-இன் இடத்தையும் குறித்துவைத்து, ஒவ்வொரு ஆஃப்செட்டிலிருந்தும் அந்தத் துண்டுக்குள் விழுந்தவற்றின் எண்ணிக்கையைக் குறைப்பது.

என்ஏஎல் முழுவதையும் ஒரே ஓட்டத்தில் தனி பஃபருக்குக் கழித்து நகலெடுத்துவிடுங்கள். பிட் ரீடருக்கு 03 என்றால் என்னவென்றே தெரியக் கூடாது.

எம்பெக்-2-இல் 03-ஐக் கழிப்பது

அங்கே அது வெறும் தரவு. தொடாதீர்கள்.

32 இடம் தள்ளுவது

கேஷிலிருந்து n பிட் எடுக்க 32−n இடம் வலப்பக்கம் தள்ளுவார்கள். n பூஜ்யமானால் 32 இடம். சி மொழியில் அதற்கு வரையறையே இல்லை. 32 பிட் ரெஜிஸ்டரில் எக்ஸ்86 எண்ணைத் தள்ளாமல் அப்படியே தரும், 32 பிட் ஆர்ம் பூஜ்யம் தரும். தலைப்பில் எண்களை எழுதும் எக்ஸ்போனென்ஷியல் கோலம்ப் முறையில், முதல் 1-க்கு முன் எத்தனை பூஜ்யமோ அத்தனை பிட்டை அதற்குப் பின் படிக்க வேண்டும். மதிப்பு 0 என்றால் '1' என்ற ஒற்றைப் பிட்டுக்குப் பின் பூஜ்ய பிட் படிக்க வேண்டும். ஆக இது மூலையில் கிடக்கும் விதிவிலக்கு இல்லை. பைட் எல்லையிலிருந்து 32 பிட் ஏற்றினால் உறுதியாகக் கிடைப்பது 25 பிட்தான், 7 வீணாகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 64 பிட் கேஷ் வைத்தால் இந்தக் கவலை குறையும்.

பஃபரின் வாலில் இடம் விடாதது

பல பைட்டை ஒன்றாக ஏற்றும் ரீடர் பஃபரின் முடிவைத் தாண்டிப் படித்துவிடும். அதற்காக எஃப்எஃப்எம்பெக் 64 பைட் கேட்கிறது, அதுவும் பூஜ்யமாக. கொடுத்துவிடுங்கள்.

முடிவில்லாமல் பூஜ்யம் எண்ணும் லூப்

பஃபர் தீர்ந்தால் பூஜ்யம் தரும் ரீடர் பாதுகாப்பானதுதான். அதன்மேல் '1 வரும்வரை எண்ணு' என்று லூப் போட்டால், கெட்ட கோப்பு டிகோடரைத் தொங்கவிட்டுவிடும். 32 பூஜ்யத்துக்கு மேல் போனால் பிழை என்று திரும்புங்கள். வந்த மதிப்பையும் சரிபாருங்கள்: எஸ்பிஎஸ் எண் 31-ஐத் தாண்டாது, பிபிஎஸ் (படங்களுக்கான அமைப்புகளைச் சொல்லும் தலைப்பு) எண் 255-ஐத் தாண்டாது. சோதிக்காமல் அதை வைத்து அணியைத் தொட்டால் நினைவகம் போயிற்று.

பிபிஎஸ்-இன் கடைசிப் பிட்

8×8 டிரான்ஸ்ஃபார்ம் கொடி, இன்னும் தரவு மிச்சமிருந்தால் மட்டுமே பிபிஎஸ்-இல் இருக்கும். 'பிட் மிச்சம் இருக்கிறதா' என்று மட்டும் பார்த்தால், முடிவைக் காட்டும் 1 என்ற பிட்டையே கொடியாகப் படித்து, அது இல்லாத எளிய வகையான பேஸ்லைன் வீடியோவுக்கு 8×8 டிரான்ஸ்ஃபார்மை இயக்கிவிடுவீர்கள். பின்னாலிருந்து தேடி, கடைசி 1 எங்கே என்று கண்டுபிடித்து, அதற்கு முன்னால் பிட் உண்டா என்று கேட்க வேண்டும். தேடும் முன் வாலில் உள்ள பூஜ்ய பைட்டுகளை உதறுங்கள். அடுத்த 00 00 00 01-இன் முதல் பூஜ்யம் பெரும்பாலும் இந்த என்ஏஎல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.