மே மாத வருமானத்தில் டிசம்பர் மாதச் செலவும் இருக்கிறது

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் மாதச் சம்பளம் வாங்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற வீடுகளுக்கெல்லாம் தேயிலைக் கொழுந்து விற்று வரும் இலைக்காசு, காய்கறி விற்ற காசு, இல்லையென்றால் ஊட்டியில் வண்டி ஓட்டி வரும் சீசன் காசு. எங்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டை நான் எழுதுகிறேன். கடன் கேட்டு வருபவர்களில் வீண்செலவுக்காரர்கள் மிகக் குறைவு. உழைக்கிறார்கள், சிக்கனமாகவும் இருக்கிறார்கள். ஆனாலும் ஜனவரி வந்தால் நகை அடகுக்குப் போகிறது.

காரணம், நல்ல மாதத்து வருமானத்தை அளவாக வைத்து வீட்டை நடத்துவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உரம், பறிகூலி போக, இலை நன்றாக வரும் நான்கு மாதங்களில் மாதம் 16,000 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுமாரான ஐந்து மாதங்களில் 8,000. பனி விழுந்து கொழுந்து கருகும் மூன்று மாதங்களில் 4,000. மொத்தம் வருடத்துக்கு 1,16,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 9,700 கூட வரவில்லை. ஆனால் வீட்டில் எல்லோர் மனதிலும் நிற்பது அந்த 16,000தான். டிவி தவணை, சீட்டுப் பணம், பள்ளி வேன் என்று ஒவ்வொன்றையும் அதை நம்பியே ஒப்புக்கொள்கிறோம். நல்ல மாதத்தில் வருகிற 16,000த்தில் ஆறாயிரத்துக்கு மேல் சுமாரான மாதங்களுக்கும் பனி மாதங்களுக்கும் சொந்தமானது. அதை வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. செலவு போக மிச்சத்தைப் போடலாம் என்று காத்திருந்தால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம், அது போதும்.

தோட்டக்காரர்கள் மறக்கும் இன்னொன்று, தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடும் கவாத்து. கவாத்து வெட்டிய தோட்டத்தில் மூன்று நான்கு மாதம் இலை எடுக்க முடியாது. எந்த வருடம் வெட்டப்போகிறோம் என்பது நமக்கு முன்னாலேயே தெரியும். அப்படியிருந்தும் அந்த மாதங்களில் புதிதாக ஒரு கஷ்டம் வந்ததுபோல் கடன் வாங்குகிறோம்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதே தவறு வேறு உருவத்தில் வருகிறது. கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று மே மாதம் ஓடும்போது தினமும் வாடகை கிடைக்கும். அந்த நேரத்தில் புது வண்டிக்குத் தவணை பேசினால் எந்தத் தொகையும் கட்டிவிடலாம் என்றே தோன்றும். கொரோனாவால் 2020, 2021 இரண்டு கோடைச் சீசனும் கையை விட்டுப் போனதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. நம் கையில் இல்லாத ஒன்று சீசனை எந்த வருடமும் மாற்றலாம் என்பதை மட்டும் பார்த்தால் போதும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூலையில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் உங்கள் தவணை.

அடுத்தது, நம் இலையை வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுக்கும் ஏஜென்ட்டிடம் முன்பணம் வாங்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டில் கடன் என்று எங்கேயும் எழுதப்படாத கடன் இது. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் என்று பத்தாயிரம் கேட்டால் உடனே கொடுப்பார், வட்டி பேசமாட்டார். ஆனால் அது தீரும்வரை உங்கள் இலை அவர் மூட்டைக்குத்தான் போக வேண்டும். அடுத்த ஃபேக்டரியில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட கிடைத்தாலும் கொடுக்க முடியாது. மழைநாளில் ஈரத்துக்கென்று எடையில் எவ்வளவு கழித்தாலும் வாய் திறக்க முடியாது. மாதம் 500 கிலோ இலை போடும் வீட்டுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் போனால் மாதம் 1,000 ரூபாய். பத்தாயிரத்துக்கு மாதம் ஆயிரம் என்றால் அது நூற்றுக்குப் பத்து வட்டி! எல்லா ஏஜென்ட்டும் அப்படி இல்லை, ஆபத்துக்கு உதவிய நல்ல மனிதர்களையும் எனக்குத் தெரியும். ஆனாலும் முன்பணம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையையும் உங்கள் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வட்டி என்றதும் இன்னொன்று. "ரெண்டு வட்டிதான்" என்று சொல்லும்போது சின்னதாகக் கேட்கிறது. மாதத்துக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வருடம் 12,000. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அதே நகைக்குப் பெரும்பாலும் இதில் பாதிக்குள்ளேயே முடிந்துவிடும். பாஸ்புத்தகம், ஆதார், ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். வாரக்கடன் கட்ட இன்னொரு வாரக்கடன் வாங்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். எங்கள் குழுவிலேயே ஒரு அக்கா மூன்று இடத்தில் அப்படி மாட்டிக்கொண்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முதல் கடனிலேயே சொல்லியிருந்தால் அவர் மாமியாரே தீர்த்திருப்பார்.

பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டில் மொத்தச் சேமிப்பையும் போடுவதும் வேண்டாம். அதே நேரம், எல்லாவற்றையும் எடுக்க முடியாத இடத்தில் பூட்டிவிடுவதும் தவறு. செல்வமகள் திட்டம் பெண் பிள்ளைக்கு நல்ல திட்டம்தான், வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு ஓடும். ஆனால் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை, இல்லையென்றால் பதினெட்டு ஆகும்வரை அந்தப் பணத்தை நம்ப முடியாது. கூரை ஷீட் பறந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், அப்புறம் மற்றது.

பணம் இறுகும்போது எதை வெட்டுவது என்பதில்தான் எனக்கு மனவருத்தம் அதிகம். பெண்கள் தங்கள் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். பிரஷர் மாத்திரையை நாள்விட்டு நாள் போடுகிறார்கள். இந்தக் குளிரில் காலையிலிருந்து மதியம் வரை இலை பறிப்பவருக்கு ஒரு முட்டை கூட வேண்டாமா? அதில் மிச்சமாகும் காசு, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை இறங்கி ஏறினால் வண்டி வாடகைக்கே காணாது.

காப்பீடு விஷயமும் அப்படித்தான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் அட்டையோடு கலெக்டர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். நோய் வந்தபிறகு இந்த அலைச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். அதுபோக வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 436 ரூபாய் எடுக்கும் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய் எடுக்கும் விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 லட்சம். இரண்டுக்கும் வருடம் ஜூன் 1 அன்று தொடங்குவதால் பணத்தை மே கடைசியில் எடுப்பார்கள். அப்போது கணக்கில் காசு இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். வங்கியிலிருந்து யாரும் கூப்பிட்டுச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். மே மூன்றாவது வாரம் பாஸ்புத்தகத்தைப் பதிந்து, அதில் 456 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.