வேலைக்கும் போய், வாடகை வீட்டையும் பார்த்துக்கொள்ள

எனக்கு வேலை கிண்டியில், வாடகைக்கு விட்ட வீடு குரோம்பேட்டையில். முதல் வருடம் மீட்டிங் நடுவிலேயே போன் வரும்: "சார், மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." அப்புறம் தெருமுனை பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர்களைக் குடியிருப்பவரிடமே கொடுத்துவிட்டேன். 1,000 ரூபாய்க்குள் முடியும் வேலை என்றால் என்னைக் கேட்கவே வேண்டாம். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். நீங்களும் இதை முதலில் செய்யுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2017 வாடகைச் சட்டப்படி பதிவுசெய்யுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிப்பது யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சண்டை அங்கேதான் வரும். சொத்து வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வருமான வரிக் கணக்குக்கு வேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் போய்ப் பார்ப்பேன்: சம்ப் மூடி, மாடித் தொட்டி வால்வு, பாத்ரூம் சுவரில் ஈரம். ஞாயிறு முழுக்கப் பிள்ளைகளுக்கு.