டயாலிசிஸ் செய்பவருக்குத் தூக்கம் வரவில்லையா? ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள்

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மெஷினில் இருக்கும் நாலு மணி நேரமும் அசந்து தூங்குவார். ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிசைந்துகொண்டிருப்பார். “தூக்கமே வரல டாக்டர்” என்று மட்டுமே மாதக்கணக்கில் சொல்லிவந்தோம். எது தூங்க விடாமல் செய்கிறது என்று சொன்ன பிறகுதான் வைத்தியம் சரியான பக்கம் திரும்பியது. அந்த வழியை இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஏழு நாள் எழுதுங்கள். படுத்த நேரம், விழித்த நேரம், எதனால் விழிப்பு வந்தது, பகலில் எவ்வளவு தூக்கம், அன்று டயாலிசிஸ் உண்டா. இவ்வளவு போதும். குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் தூங்குபவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் கவனித்து எழுத வேண்டும்.

படி 2: கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். டயாலிசிஸ் செய்பவர்களிடம் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவது இதுதான் என்பது என் எண்ணம். சாயங்காலத்துக்கு மேல், ஓய்வாகப் படுத்ததும் கால் குடைகிறதா, உள்ளே ஏதோ ஊர்வது போல இருக்கிறதா, எழுந்து நடந்தால் அடங்குகிறதா? அப்படியானால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்லுங்கள். சதை இறுகிப் பிடிக்கும் வலி வேறு. சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் வேறு. கால் குடைச்சலுக்கு இரும்புச் சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா என்று கேளுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளும் குடைச்சலைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாத்திரைப் பட்டியலை அப்படியே காட்டுங்கள். கெண்டைக்காலை நீவி விடுவதும், டாக்டர் சம்மதித்தால் டயாலிசிஸ் நேரத்தில் படுத்தபடியே பெடல் மிதிப்பதும் உதவும்.

படி 3: உப்பையும் தண்ணீரையும் பாருங்கள். பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுப் பாதையைக் குறுக்குகிறது. குறட்டையும் மூச்சுத் தடையும் கூடுகின்றன. தாகத்தைக் கிளப்புவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது கொடுமை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்துக்கே ஆபத்து. குறட்டை பலமாக இருந்தால் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஆனால் மல்லாந்து படுக்கவே முடியாமல் மூச்சு வாங்கினால் அது நுரையீரலில் நீர் சேர்ந்ததாக இருக்கலாம். அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

படி 4: அரிப்பு. ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடினாலும் தோல் வறண்டாலும் அரிப்பு தூங்க விடாமல் செய்யலாம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பாட்டோடு போனால்தான் வேலை செய்யும். நாங்கள் இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வறட்சி குறையும்.

படி 5: பகல் தூக்கத்தை நறுக்குங்கள். மெஷினில் முழு நேரமும் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடுகிறது. அம்மாவை அரை மணிக்கு மேல் தூங்க விடாமல் ரேடியோ, பேச்சு என்று இழுத்துப் பிடித்தோம். மூன்று மணிக்கு மேல் காபி கிடையாது. தூக்கம் வர வாழைப்பழமும் பாலும் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தார் அன்பாகச் சொல்வார்கள். பழத்தில் பொட்டாசியம், பாலில் பாஸ்பரஸ். டயட்டீஷியனைக் கேட்காமல் வேண்டாம்.

படி 6: மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். மூச்சுத் தடை இருப்பவருக்குச் சில தூக்க மாத்திரைகள் ஆபத்து. கால் குடைச்சலுக்குத் தரும் கபாபென்டின் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து. டயாலிசிஸ் செய்பவருக்கு அளவு மிகக் குறைவு, அதையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் சியாட்டில், ஆல்புகர்கி பகுதி டயாலிசிஸ் மையங்களில் தூக்கமின்மை உள்ள 126 பேரிடம் தூக்கப் பழக்கப் பயிற்சி, தூக்கத்துக்காகத் தரும் டிரசோடோன் மாத்திரை, மருந்தில்லாத வெற்று மாத்திரை மூன்றையும் ஒப்பிட்டார்கள். பலனில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஏழு நாள் முடிந்ததும் நோட்டை எடுத்துப் போங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு ஒரு கட்டிலுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் முதல் வரியிலேயே “படுத்ததும் கால் குடைகிறது, வாரத்தில் ஐந்து ராத்திரி” என்பது போலக் கொட்டை எழுத்தில் எழுதி, டயாலிசிஸுக்கு ஊசி குத்துவதற்கு முன்பே நர்ஸ் கையில் கொடுத்துவிடுங்கள்.